பெட்டி பார்க்கும் படலம்

பழைய சவுண்ட் மாட்யூல் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் ஒரு தனி ரகம். வாங்குபவர் வேறு, விற்பவர் வேறு. இவர் இரண்டு பேருக்கும் நடுவில் மாதக்கணக்கில் நிற்பவர். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். வங்கியிலோ மின்வாரியத்திலோ மென்பொருள் கம்பெனியிலோ நிலையான வேலை. தொண்ணூறுகளில் ஏதோ ஒரு மெல்லிசைக் குழுவில் இரண்டாவது கீபோர்டு வாசித்தவர். இதில் ‘இரண்டாவது’ என்பது முக்கியம். முதல் கீபோர்டு வாசித்தவர்களுக்கு இந்த ஏக்கம் வருவதில்லை. அவர்கள் அப்போதே வாசித்துத் தீர்த்துவிட்டார்கள்.

இவர் யோசிக்கும் பொருள் பார்வைக்கு மிகச் சாதாரணமானது. பத்தொன்பது அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம், கறுப்புத் தகரம். முன்பக்கம் சின்னத் திரை, கொஞ்சம் பொத்தான்கள், ஒரு திருகு. கட்டை கிடையாது. கட்டையே இல்லாத வாத்தியம் என்பதை வீட்டாருக்கு விளங்கவைப்பதுதான் யோசிப்பவரின் முதல் சோதனை. படத்தைப் போனில் காட்டியதும் மனைவி கேட்பது பெரும்பாலும் இதுதான்:

“ஏங்க, இது பழைய டெக்குதானே? அம்மா வீட்டுப் பரண்ல ஒண்ணு கெடக்குது, எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?”

கட்டை ஏன் இல்லை என்பதற்கு வரலாறு உண்டு. யோசிப்பவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். எண்பதுகளின் தொடக்கம் வரை ஒரு கம்பெனியின் சிந்தசைஸர் இன்னொரு கம்பெனியின் சிந்தசைஸரோடு பேசாது, ஒரே தெருவில் எதிரெதிரே குடியிருக்கும் பங்காளிகள் மாதிரி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் கம்பெனியின் புராஃபெட்-600, ரோலண்டின் ஜூபிட்டர்-6 இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் விரல் வைத்தால் மற்றதும் பாடியது. அந்தக் கேபிளில் ஓடியதுதான் மிடி. சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுடாரோ காகேஹாஷிக்கும் இதற்காக 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

ஒரு கட்டை வரிசை பத்துப் பெட்டிகளை ஆட்டிவைக்கும் என்றான பிறகு, பெட்டிக்குப் பெட்டி கட்டை எதற்கு? கம்பெனிகள் கட்டையைக் கழற்றிவிட்டு மூளையை மட்டும் தகரத்தில் அடைத்து, விலையைக் குறைத்து விற்றன. ரோலண்ட் டி-50க்கு டி-550, கோர்க் எம்1க்கு எம்1ஆர் என்று புகழ்பெற்ற பல கீபோர்டுகளுக்குக் கட்டையில்லாத தம்பி ஒருவர் உண்டு. 1989இல் வந்த ஈ-மியூ புரோட்டியஸுக்கு அண்ணன் யாரும் இல்லை. பிறக்கும்போதே பெட்டியாகப் பிறந்தது.

இந்தக் குடும்பத்தில் யோசிப்பவரின் கண் நிலைத்து நிற்பது பெரும்பாலும் ரோலண்ட் ஜேவி-1080இன் மேல்தான். 1994இல் வந்தது. விளம்பரம், தொலைக்காட்சி, திரைப்படம் என்று உலகமெங்கும் ஒலிப்பதிவுக்கூடங்களின் ரேக்குகளில் இருந்தது. அதன் மொத்த ஒலிச் சேமிப்பு 8 மெகாபைட். உறவுக்காரர் தினமும் காலை வணக்கத்தோடு அனுப்பும் பூங்கொத்து வீடியோ சில நாட்களில் இதைத் தாண்டிவிடும். அந்த 8 மெகாபைட்டுக்குள் பியானோ, வயலின் கூட்டம், புல்லாங்குழல், கிடார், முரசு என்று 448 அலைவடிவங்களை மடித்து வைத்திருந்தார்கள். ஒரே நேரத்தில் 64 குரல் பாடும். ஆனால் ஓர் ஒலிக்கு நான்கு அடுக்கு வரை வைக்கலாம்; நான்கையும் வைத்தால் 64ஐ நான்கால் வகுத்துக்கொள்ள வேண்டும், மிஞ்சுவது 16 சுரம்தான். அதற்கு மேல் வாசித்தால் முன்னால் பிடித்த சுரம் சத்தமில்லாமல் இடத்தைக் காலி செய்யும். பந்தியில் பின்வரிசை நெருக்குவதைப் பார்த்துப் பாயசத்துக்கு முன்பே எழுந்துவிடும் பெரியவர் மாதிரி. இந்தப் பெட்டியின் ஒலியில் ஒரு அடக்கம் இருக்கிறது என்று பழையவர்கள் சொல்வதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

யோசிப்பவர் இதை முதலில் பார்த்தது 1996 வாக்கில், வடபழனிப் பக்கம் ஒரு ரிக்கார்டிங் தியேட்டரில். குழுவின் கேசட்டுக்காகப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேக்கில் பச்சை வெளிச்சத்தோடு இருந்தது. அருகில் போனார். “தம்பி, கை வைக்காதீங்க” என்றார் என்ஜினீயர். இந்த வகையினரின் நோய்க்குறிப்பை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும். அவர்கள் வாங்க நினைப்பது பெட்டியை அல்ல, அந்த வாக்கியத்தை ரத்து செய்யும் உரிமையை. இதை அவர்களிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், “அதோட டி.ஏ. கன்வெர்ட்டரே தனி” என்பார்கள்.

வாங்குவதற்கு அவர் அடுக்கும் காரணங்களில் ஒன்று, தொட்டு வாசிக்கும் சுகம். வாதம் இங்கே தடுக்கி விழுகிறது. தொட்டு வாசிக்கக் கட்டை இல்லை. தொடுவதற்கு இருப்பது கொஞ்சம் பொத்தான்களும் திருகும், இரண்டு வரியில் வரிக்கு 40 எழுத்து காட்டும் திரையும்தான். ஒரு வயலின் ஒலியைச் சற்று மெதுவாக எழும்பச் செய்ய, மெனுவுக்குள் மெனுவாக, பெரிய கோயிலின் பிராகாரங்களைத் தாண்டிக் கருவறைக்குப் போவதுபோல் போக வேண்டும். இரண்டாவது காரணம் வலுவானது: பெட்டிக்குப் பாஸ்வேர்டு இல்லை, அப்டேட் இல்லை, பாதிப் பாட்டில் ‘மீண்டும் தொடங்கவா’ என்று கேட்பதில்லை. சுவிட்சைப் போட்டால் 1994இல் பாடியது போலவே பாடும். மூன்றாவது காரணம் உள்ளவர்கள் மிகச் சிலர். இந்தப் பெட்டிக்கென்றே செய்த பழைய பாட்டுகளின் மிடி கோப்புகளும் சொந்தமாக அமைத்த ஒலிகளும் அவர்களிடம் இருக்கும். அவற்றைத் திரும்ப ஒலிக்கவைக்க வேண்டியிருக்கும். உண்மையில் வாங்க வேண்டியவர்கள் இவர்கள்தான். இவர்கள் யோசிப்பதில்லை, போய் வாங்கிவிடுவார்கள்.

யோசிப்பவரின் லேப்டாப்பில் இதே ஜேவி-1080 ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரோலண்டே அதை மென்பொருளாக விற்கிறது; கோர்க் தன் எம்1ஐ அப்படித்தான் விற்கிறது. யமஹா டிஎக்ஸ்7இன் சாயலை டெக்செட் என்ற மென்பொருள் இலவசமாகவே தருகிறது. பழைய குழுவின் டிரம்ஸ்காரர், இன்னும் நண்பராக இருப்பவர், இதைச் சுட்டிக்காட்டுவார்: “மாப்ள, இருக்கிறதையே இன்னொரு தடவ எதுக்குடா வாங்குற?” உடனே ஒரு பரிசோதனை நடக்கும். எங்கேயோ ஒலிப்பதிவான அசல் பெட்டியின் வயலினும் லேப்டாப்பின் வயலினும் மாற்றி மாற்றி ஒலிக்கும். டிரம்ஸ்காரருக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் யோசிப்பவர் லேப்டாப்பை அசல் என்பார். பிறகு, இந்தச் சோதனைக்கு நல்ல ஸ்பீக்கர் வேண்டும் என்று தீர்மானித்து, ஒரு மாதம் ஸ்பீக்கரைப் பற்றி யோசிப்பார்.

அடுத்தது விற்பவர்களின் மொழி. இதற்கு நிகண்டு யாரும் எழுதவில்லை, யோசிப்பவருக்கு மனப்பாடம். ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்றால் சோதித்தாகிவிட்டது, வேலை செய்யவில்லை. ‘வீட்டில் மட்டும் பயன்படுத்தியது’ என்றால் கச்சேரிக்குப் போனதில்லை என்பதல்ல. கச்சேரிக்குப் போன காலத்தைச் சொல்ல விருப்பமில்லை. ‘சிறு கீறல்’ என்பது டெம்போவிலிருந்து விழுந்தது. ‘ரேர் பீஸ்’ என்றால் விலையில் ஒரு பூஜ்யம் கூட இருக்கும். ‘ஜப்பானிலிருந்து நேராக வந்தது’ என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்து. ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. நடுவில் வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைக்காமல் செருகினால் முப்பது வருடம் உழைத்த பெட்டி, கற்பூரம் போலக் கொஞ்சம் புகைவிட்டு ஓய்வு பெறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி பார்க்கும் படலம் நடக்கும். வளசரவாக்கத்தில் மாடிப் போர்ஷன். யோசிப்பவர் சொந்த ஹெட்போன், சொந்தக் கேபிள், இரண்டு ஆக்டேவ் குட்டிக் கீபோர்டு எல்லாவற்றையும் பையில் கொண்டுபோவார். விற்பவர் வீட்டில் காபி தருவார்கள். ஜாதகம் பார்க்கப்படும்: எந்த வருடம், எத்தனை வோல்ட், எத்தனை கை மாறியது, கூடுதல் ஒலிப் பலகைகள் செருகும் நான்கு இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கிறது. காலியாக இருந்தால் மனம் அடித்துக்கொள்ளும். ஆர்கெஸ்ட்ரா, பியானோ, பழைய சிந்தசைஸர், ஆசிய வாத்தியங்கள் என்று தனித்தனியாகப் பலகை உண்டு. சிலவற்றின் இன்றைய விலை பெட்டியின் விலையையே நெருங்கும். சீர்த்தட்டுக்கும் கிட்டத்தட்டச் சீரின் விலை.

பிறகு உடம்பு பரிசோதனை. திருகைச் சுற்றினால் எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று போக வேண்டும். வயதான திருகு ஒன்று, இரண்டு, ஐந்து, இரண்டு என்று போகும். அக்காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் திரையின் பின்விளக்கு மங்கி, கொசு காதருகே வந்ததுபோல் மெல்லிய ரீங்காரம் விடும். உள்ளே கெபாசிட்டர்கள் கசிந்து பலகையை அரித்திருக்கலாம். அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது, மூடியைத் திறக்க விற்பவர் விடமாட்டார். ஒரு நிம்மதி: அதே கம்பெனியின் அக்காலக் கீபோர்டுகள் சிலவற்றில் கட்டைக்கடியில் எடை ஒட்டிய சிவப்புப் பசை வருடங்கள் கழித்து உருகி வழிந்து பாழ்படுத்தும். கட்டையில்லாத பெட்டிக்கு அந்த வியாதி இல்லை.

கடைசியாகப் பேட்டரி. நாம் அமைத்த ஒலிகளைப் பெட்டி நினைவில் வைத்திருப்பது உள்ளே இருக்கும் காசு போன்ற ஒரு லித்தியம் பேட்டரியின் தயவில்தான். சிஆர்2032, வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவிகள் பலவற்றில் போடுகிற அதே பேட்டரி. அது சாகும்போது பெட்டி சாகாது, நினைவு மட்டும் போய்விடும். விற்பவர் பெட்டியை ஓடவிடும்போது அந்த நினைவில் அவருடைய ஒலிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். பெயருக்குப் பன்னிரண்டு எழுத்துதான் இடம். அதையும் ஆங்கில எழுத்தில் திணித்திருப்பார்: ‘கல்யாணி பேட்’, ‘உடுக்கை 2’, ‘மழை பெல்ஸ்’. ‘உடுக்கை 1’ என்ன ஆனது என்று யோசிப்பவர் கேட்பார். “அது சரியா வரலைங்க” என்பார் விற்பவர். அன்றைக்கு நடந்த பேச்சிலேயே உபயோகமான பேச்சு அதுதான்.

எல்லாம் சரியாக இருக்கும்போது யோசிப்பவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “வீட்ல போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றேங்க” என்பார். விற்பவருக்குப் புரிந்துவிடும். அவரும் ஒரு காலத்தில் இதே வாக்கியத்தைப் பல வீடுகளில் சொன்னவர்தான்.

இடையில் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை உண்டு. ரிப்பேர் ஆனால் பார்க்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்பார். அவர் நேர்மையானவராக இருந்தால், “சார், இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது. இன்னொரு செத்த பீஸ் கெடைச்சா கொண்டாங்க, ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்கிடலாம்” என்பார். இது எச்சரிக்கை. யோசிப்பவர் காதில் யோசனையாக விழும். அன்றிலிருந்து அவர் யோசிப்பது இரண்டு பெட்டிகளைப் பற்றி.

அலமாரியில் இடம் அளப்பார். பெட்டிக்கு யுஎஸ்பி கிடையாது என்பதால் மிடி இன்டர்பேஸ் ஒன்று, ஆறு வெளியீடுகளுக்கு ஆறு கேபிள் என்று கணக்குப் போடுவார். மிடி ஒரு நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடுகிறது, ஒரு சுரம் போய்ச்சேர நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிறது, பத்து விரலும் சேர்ந்து விழுந்தால் கடைசிச் சுரம் அதைப்போல் பல மடங்கு பின்தங்கும் என்று இரவுச் சாப்பாட்டின்போது விளக்குவார். “ரசம் ஆறுது” என்பார் மனைவி.

பெரும்பாலானவர்களின் கதை இத்தோடு முடிகிறது. பெட்டி வேறு யாரோ ஒருவருக்குப் போகும். யோசிப்பவர் இரண்டு நாள் பேசாமல் இருப்பார். மூன்றாம் நாள் வேறொரு பெட்டியின் படம் போனில் வரும். வருடத்துக்கு நான்கு பெட்டி பார்த்து ஒன்றும் வாங்காதவர் இழந்தது ஒன்றுமில்லை. பெட்டியைப் பற்றி வாங்கியவரைவிட அதிகம் தெரிந்துகொண்டார். வாசித்தவரைவிட அதிக நேரம் அதோடு வாழ்ந்தார்.

சிலர் மட்டும் வாங்கிவிடுவார்கள். கலந்து பேசும் முன்பே விற்பவர் ஆயிரம் ரூபாய் குறைத்துவிட்டால் இது நடக்கும். ஆட்டோவில் மடியில் வைத்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரைக் கெஞ்சிக்கொண்டு கொண்டுவருவார்கள். சாப்பிட்டுவிட்டு, வாசல் விளக்கை அணைத்துவிட்டு, பெட்டியின் சுவிட்சைப் போட்டால் திரையில் முதலில் வருவது, உள் பேட்டரி தீரப்போகிறது என்ற வாசகம். ‘கல்யாணி பேட்’ இருக்கிறது. ‘மழை பெல்ஸ்’ இருக்கிறது. அவற்றைக் கம்ப்யூட்டரில் சேமித்துக்கொள்ள மிடி இன்டர்பேஸ் வேண்டும். அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இரவு பதினொரு மணிக்குக் கடை கிடையாது. மணி பன்னிரண்டுக்கு மின்சாரத்தைத் துண்டித்து மூடியைத் திறந்து, சர்க்கரை பார்க்கும் கருவியிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைப்பார். பேட்டரி மாறிய அந்த ஒரு நிமிடத்தில் பழைய ஒலிகள் எல்லாம் போய்விடும். கம்பெனி வைத்த ஒலிகளைத் திரும்ப வரவழைத்து, அதில் ஒரு வயலினைத் தேர்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு விடியும்வரை வாசிப்பார்.

மறுநாள் காலை அந்த வீட்டில் யாரும் சர்க்கரை பார்ப்பதில்லை.