ஐம்பது பெயர் சேர்ந்ததும் அனுப்பவும்

மின்னஞ்சலில் கைமாறிக் கைமாறி வரும் கூட்டுமனுவுக்கென்று தனி இலக்கணம் உண்டு. எழுதியவர் யார், எந்த அதிகாரிக்குப் போகிறது, கடைசித் தேதி எது என்ற மூன்றையும் தவிர மற்றதெல்லாம் அதில் இருக்கும்: கண்ணீர், கொத்துக்கொத்தாக ஆச்சரியக்குறிகள், "தயவுசெய்து சங்கிலியை அறுத்துவிடாதீர்கள்" என்ற கெஞ்சல். "இந்த நோட்டீஸை ஆயிரம் பிரதி அச்சடித்து விநியோகித்தால் லாட்டரி விழும், கிழித்துப் போட்டால் ரத்தம் கக்குவாய்" என்று ஒருகாலத்தில் வந்துகொண்டிருந்ததே, அதன் படித்த பேரன்தான் இது. சாபத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சமூக அக்கறையை வைத்திருக்கிறார்கள். அக்கறையில் பழுதில்லை, ஏற்பாட்டில்தான் கோளாறு.

1990களின் கடைசியில் தாலிபான் ஆட்சியில் ஆப்கன் பெண்கள் பட்ட கொடுமையைக் கண்டித்து, அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர் தொடங்கிய மனுவையே எடுத்துக்கொள்வோம். விஷயம் நூற்றுக்கு நூறு நியாயம். பெயரையும் ஊரையும் அடியில் சேர்த்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்ப வேண்டும். ஐம்பதுக்கு மேல் பெயர் சேர்ந்துவிட்டால் ஒரு பிரதியைத் தொடங்கியவருக்கும் தட்டிவிட வேண்டும். கணக்கு இங்கேதான் உதைக்கிறது. ஐம்பதாவது ஆள் பத்துப் பேருக்கு அனுப்புகிறார், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். இப்போது நூறு பட்டியல், ஒவ்வொன்றிலும் 52 பெயர், மொத்தம் 5,200 கையெழுத்து. ஆட்களை எண்ணினால் 160 பேர்தான் தேறுவார்கள். ஐம்பதைத் தொடும் முன்பே யாரோ அழித்துவிட்ட பட்டியல்களில் இருந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். நடுவில் யாராவது "கரிகால் சோழன், காவிரிப்பூம்பட்டினம்" என்று சேர்த்திருந்தாலும் கேட்பாரில்லை. கடைசியில் பதில்கள் லட்சக்கணக்கில் வந்து குவிய, பல்கலைக்கழகம் மனுவைத் தொடங்கியவரின் முகவரிக்கு வரும் அஞ்சல்களைப் படிக்காமலே அழித்துவிடுவதாக அறிவித்தது. மனுவுக்கு மட்டும் அந்த அறிவிப்பு போய்ச்சேரவில்லை. வருடக்கணக்கில் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை என்று சொல்ல வைக்கும் கதை ஒன்று உண்டு. கல்விக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளை மத அமைப்புகள் பெறுவது பற்றி விசாரிக்கும்படி, 1974 டிசம்பரில் லான்ஸ்மன், மைலம் என்ற இருவர் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையத்திடம் மனு கொடுத்தார்கள். 1975 ஆகஸ்டில் ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. அத்தோடு கோப்பு மூடிற்று, வதந்தி திறந்துகொண்டது. நாத்திகவாதி மேடலின் மரே ஓஹேர்தான் மனுதாரர், மத ஒலிபரப்பு முழுவதையும் தடைசெய்யப் பார்க்கிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவருக்கும் அந்த மனுவுக்கும் சம்பந்தமே இல்லை. எதிர்ப்புக் கடிதங்கள் லட்சக்கணக்கில் தபாலில் வந்தன. பிறகு மின்னஞ்சலுக்குக் குடிபெயர்ந்தன. ஓஹேர் 1995இல் கடத்திக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் அவரைத் தடுத்து நிறுத்தச் சொல்லி மனுக்கள் வந்துகொண்டிருந்தன. தேதி போடாத மனுவுக்கு ஆயுள் கெட்டி. என்றோ தள்ளுபடியானதை மறுபடி தள்ளுபடி செய்ய எந்த அதிகாரியாலும் முடியாது. "அப்படி ஒன்று இல்லை" என்று விளக்கம் கொடுத்தே மாய வேண்டியதுதான்.

"விழிப்புணர்வாவது வருமே" என்பார்கள். இல்லாத மனுவைப் பற்றி லட்சம் பேருக்கு வந்தது எந்த வகை விழிப்பு? "காசா பணமா, ஒரு க்ளிக்தானே" என்பது அடுத்த வாதம். பெறுகிறவரும் அதற்கு அந்த ஒரு க்ளிக்கின் மதிப்பைத்தான் கொடுக்கிறார். அதைவிட, அனுப்பியவர் தன் பங்கு முடிந்ததென்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார், நஷ்டம் அங்கேதான். "பிரிட்டன் நாடாளுமன்றமே இணையத்தில் மனு வாங்குகிறதே" என்று கேட்பது மட்டும் நியாயமான கேள்வி. ஆனால் அங்கே கையெழுத்தெல்லாம் ஒரே இடத்தில் சேர்கிறது, ஒவ்வொருவரின் மின்னஞ்சலும் சரிபார்க்கப்படுகிறது, ஆறு மாதக் கெடு உண்டு. 10,000 சேர்ந்தால் அரசு பதில் சொல்லும். 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுப்பது பற்றிப் பரிசீலிப்பார்கள். 2019இல் பிரெக்ஸிட்டைக் கைவிடச் சொல்லி 60 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்ந்தும் அரசு மசியவில்லை. ஒழுங்காக எண்ணிய 60 லட்சத்துக்கே கிடைத்தது ஒரு விவாதமும் ஒரு மறுப்பும்தான் என்றால், எண்ணவே முடியாத பட்டியலுக்கு என்ன கிடைக்கும்?

நம் ஊர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை வரிசையில் நின்று, கோடு போட்ட தாளில் எழுதிய மனுவை நீட்டும் பாட்டிக்கு, கணக்கில் ஏறாத மனு எங்கும் போய்ச்சேராது என்பது நன்றாகத் தெரியும். அவர் கேட்டு வாங்குவது மனு எண். காரியம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அடுத்த வாரம் வந்து "என்ன ஆச்சு" என்று கேட்க அந்த எண் போதும். ஆகவே அடுத்த முறை சங்கிலி வந்தால், இது எந்த மேஜைக்குப் போகவேண்டிய விஷயம் என்று பார்த்து, சொந்தப் பெயரில் முகவரியோடு நாலு வரி எழுதிப்போடுங்கள். அதற்குச் சோம்பலாக இருந்தால், அந்தப் பிரச்சினையில் நமக்கு எவ்வளவு அக்கறை என்பது தெரிந்துவிட்டது. அதைப் போய்ப் பத்துப் பேருக்கு ஃபார்வர்ட் செய்வானேன்?