வீடு அங்கேயே, மாவட்டம்தான் மாறிப்போச்சு!

கேள்வி: ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் வளர்ந்த வீட்டைக் காட்டுகிறார்கள். நம் சேலம், நாமக்கல் பக்கம் அப்படிக் காட்ட ஒரு ஜனாதிபதி வீடு உண்டா?
- ஒரு வாசகர், ராசிபுரம்

பதில்: ஜனாதிபதி வீடு இல்லை. ஆனால் டெல்லி மாளிகைக்கு ஜனாதிபதி குடிவருவதற்கு முன்பு, அங்கே கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி நம்ம ஜில்லாக்காரர். 1950 ஜனவரி 26 அன்று ராஜேந்திர பிரசாத்திடம் பொறுப்பை விட்டுவிட்டுக் கிளம்பினார்.

1878-ல் அவர் பிறந்த ஓசூர் அருகேயுள்ள தொரப்பள்ளி வீடு, இப்போது அரசு நினைவு இல்லம். வேடிக்கை என்னவென்றால், அவர் பிறந்தபோது அது சேலம் ஜில்லா. 1965-ல் தருமபுரி. 2004-ல் கிருஷ்ணகிரி. வீடு ஓரடி நகரவில்லை, விலாசம் மட்டும் மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது! கல்வெட்டில் மாவட்டத்தின் பெயரை மட்டும் சாக்பீஸில் எழுதுவது உத்தமம்.

என்னைக் கேட்டால், பிறந்த வீட்டைவிட அவரே தேடிப்போன வீடுதான் பார்க்க வேண்டியது. சேலத்தில் நல்ல வருமானம் தந்த வக்கீல் தொழிலை விட்டவர், நகராட்சித் தலைவராகவும் இருந்தவர், 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் குடும்பத்தோடு குடியேறினார். மதுவிலக்குக்காக அங்கிருந்து ‘விமோசனம்’ பத்திரிகை நடத்தினார். உதவிக்கு இருந்தவர் கல்கி. பிறகு சென்னை மாகாணப் பிரதமரானதும் (இன்றைய முதல்வர் பதவி) 1937-ல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சொந்த ஜில்லாவான சேலத்தில்தான்.

அந்தப் புதுப்பாளையம் இப்போது உங்கள் நாமக்கல் மாவட்டம். அடுத்த பிரிவினைக்குள் ஒரு நடை போய் வந்துவிடுங்கள்.