புலி இல்லாத புலிவார்டு

எனக்கும் இலக்கணத்துக்கும் ஏழாம் வகுப்பிலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. ‘இலக்கணக்குறிப்பு தருக’ என்று கரும்பலகையில் எழுதியதும் தண்ணீர் குடிக்க வெளியே போவேன். மணி அடித்த பிறகுதான் திரும்பி வருவேன். அந்தப் பாவம் சும்மா விடுமா? முப்பது வருஷம் கழித்து, பத்தாம் வகுப்பு தமிழ்ப் புத்தகத்தோடு என் மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அப்பா, ஆகுபெயர்னா என்னப்பா?”

நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். என் மனைவி சொம்பைக் கொண்டுவந்து கையிலேயே கொடுத்துவிட்டாள். வழியில்லை.

புத்தகத்தைப் பார்த்தேன். ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகி வருவது. படிக்கும்போது புரிந்தது, மூடியதும் போய்விட்டது. கடைசியில் எங்கள் இருவருக்கும் அதைப் புரியவைத்தவர் ஒரு கண்டக்டர்தான். மெயின்கார்டு கேட்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காவிரிப் பாலம் தாண்டியதும் அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துக் கத்தினார்:

“மாம்பழச்சாலையெல்லாம் இறங்கு!”

நாலு பேர் இறங்கினார்கள். அடுத்து, “திருவானைக்கோயில், படியில நிக்காத, உள்ள வா!” என்றார். அகிலாண்டேஸ்வரியும் ஜம்புகேஸ்வரரும் மதிலோடு படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருவதை நினைத்துப் பார்த்தேன். மகள் என் தொடையில் தட்டினாள். “அப்பா, சாலை எப்படிப்பா இறங்கும்? ஊர்ப் பேரைச் சொல்லி ஆளைக் கூப்பிடறாரு. இதுதான் இடவாகுபெயர்!”

அன்று முதல் எங்களுக்குத் திருச்சியே இலக்கணப் புத்தகமாகிவிட்டது. ‘சத்திரம், சத்திரம்’ என்று கூவுவார்கள். நம்பி இறங்கினால் பஸ் ஸ்டாண்டுதான் இருக்கும், இலை போட மாட்டார்கள். மெயின்கார்டு கேட் இருக்கிறது, சுற்றியிருந்த கோட்டைச் சுவர் போய்விட்டது. அந்தக் கோட்டையைச் சுற்றியிருந்த அகழியைத் தூர்த்து வெள்ளைக்காரர்கள் மரம் வைத்துப் பாதை போட்டு, அதற்குத் தங்கள் பாஷையில் ‘புலவார்ட்’ என்று பெயர் வைத்தார்கள். நம் ஆட்கள் அதைக் கொஞ்சம் வளைத்து மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்று ஆக்கிவிட்டார்கள். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் அந்த வழியாகப் போகும்போது, எந்தச் சந்திலிருந்து புலி வருமோ என்று கேரியரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதற்கு என்ன இலக்கணக்குறிப்பு? மரூஉ என்றால் மரூஉ. என்னைக் கேட்டால், பயமுறுத்தி என்று தனியாக ஒரு வகை வைக்கலாம்.

நான் உறையூர்க்காரன். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் வாடகைக்கு வந்த பிறகுதான் குழூஉக்குறி என்றால் என்னவென்று உறைத்தது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்பதுதான் புத்தகங்கள் காலங்காலமாகக் கொடுக்கும் உதாரணம். அதை எந்தக் கடையிலும் நான் கேட்டதில்லை. ஆனால் வீட்டுக்கார மாமி ஒரு புரட்டாசி சனிக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். இரண்டு வாரமாக நாக்கு செத்துக் கிடந்த நேரம். இலையில் உட்கார்ந்ததும் மாமி கேட்டார்:

“கறியமுது சாதிக்கட்டுமா?”

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கறியா? ஸ்ரீரங்கத்திலா? புரட்டாசியிலா? அவசரமாகத் தலையாட்டினேன். வந்து விழுந்தது வாழைக்காய்ப் பொரியல். சாதிப்பது என்றால் பரிமாறுவது, சாத்தமுது என்றால் ரசம், திருக்கண்ணமுது என்றால் பாயசம், சமையலே தளிகை. வாழைக்காய் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கறி என்று எதிர்பார்த்த நாக்கை நான் எப்படிச் சமாதானப்படுத்துவது?

இன்னொரு நாள் மாமி, “எதிராத்து மாமா பரமபதிச்சுட்டார்” என்றார். பரமபதம் என்றால் எனக்குத் தெரிந்தது பாம்பும் ஏணியும் வரைந்த அட்டைதான். ‘ஜெயிச்சாரா?’ என்று கேட்க வாயைத் திறந்தபோது மனைவி கிள்ளினாள். இது மங்கலம். செத்தார் என்ற சொல்லை வாயால் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். விளக்கை அணைக்கச் சொல்லாமல் மலையேற்றச் சொல்வதும், வீட்டைவிட்டுப் போகிறவர் ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதும் இந்த வகைதான்.

மாமிக்குக் கோயில் என்றால் ஸ்ரீரங்கம் ஒன்றுதான். வைணவர்களுக்கு அடைமொழி இல்லாத கோயில் இது, சைவர்களுக்குச் சிதம்பரம். பொதுப்பெயர் இப்படிச் சிறப்புப்பெயராக உட்கார்ந்துவிட்டதால், நான் வயலூருக்குப் போய்விட்டு வந்து “கோயிலுக்குப் போனேன் மாமி” என்றால் நம்ப மாட்டார், “பார்க்கலையே” என்பார். நானும் விடுவதில்லை. பங்குனியில் நம்பெருமாளே நாச்சியாரோடு சேர்த்தி காண உறையூருக்குத்தான் எழுந்தருளுகிறார். ஆக, உங்கள் பெருமாளுக்கே மாமியார் வீடு எங்கள் ஊர்தான் என்பேன். மாமி சிரித்துக்கொண்டே, “உங்களுக்கென்ன, பத்தாம் தேதி வரைக்கும் வாடகை ஞாபகமே வராத நிர்மலமான மனசு” என்பார். வஞ்சப்புகழ்ச்சி அணிக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த நோட்ஸிலும் கிடையாது.

அணி என்றால் நகை. தொல்காப்பியர் உவமை ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். தண்டியலங்காரம் வந்தபோது பொருளணி மட்டும் 35 ஆகிவிட்டது. ஒற்றைச் சங்கிலியோடு இருந்த வீட்டில் ஒரு கல்யாணத்துக்குள் எத்தனை உருப்படி! இதில் எனக்கு மிகவும் பிடித்தது சிலேடை. அதற்குப் பேர்போன காளமேகம் எங்கள் ஸ்ரீரங்கம் தீவில் இருந்தவர்தான். ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர் என்றும், திருவானைக்காவில் ஒரு நடனப்பெண்ணிடம் மனசைப் பறிகொடுத்துச் சைவரானார் என்றும், அகிலாண்டேஸ்வரியின் தாம்பூலம் வாயில் விழுந்ததால் கவி பொழிந்தார் என்றும் சொல்வார்கள். நானும் மாமி வீட்டுத் திருக்கண்ணமுதுக்குப் பிறகு மூன்று வெற்றிலை போட்டுப் பார்த்தேன். பல் வலிதான் வந்தது. ரொம்ப யோசித்ததில் ஒரே ஒரு சிலேடை தேறியது: காவிரியும் என் சம்பளமும் ஒன்று. மேலே இருப்பவர்கள் திறந்துவிட்டால்தான் இரண்டும் வரும். வந்தால் ஒரு நாள் பெருக்கு, அப்புறம் மணல். “செயற்கை வைரம் பட்டை தீட்டற ஊருப்பா இது. உன் சிலேடையும் அந்த ரகம்தான்” என்றாள் மகள்.

கால வழுவமைதியை எங்கள் ஆட்டோக்காரர் கற்றுக்கொடுத்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று போன் செய்தால், “வந்துட்டேன் சார், பாலத்துல இருக்கேன்” என்றார். பின்னாலே, ‘இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா’ என்று ஒரு பெண் குரல். விரைவு காரணமாக எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்லலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே ஆட்டோக்காரர்களுக்கு அனுமதி எழுதிவைத்துவிட்டார். ஆனால் அவர் அனுமதித்தது காலத்தைத்தான், பாலத்தை அல்ல. அன்று ரயில் மட்டும் இலக்கணப் பிழை இல்லாமல் கிளம்பிப் போய்விட்டது.

பெயர், வினை, இடை, உரி என்ற நான்கில் இடைச்சொல்லைத்தான் யாரும் மதிப்பதில்லை. தனியாக நிற்காது, ஒட்டிக்கொண்டுதான் வரும், ஒண்டுக்குடித்தனக்காரன் மாதிரி. அந்தக் குடித்தனக்காரனின் பெருமை மலைக்கோட்டையில் படி ஏறும்போது, பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில்தான் புரிந்தது. பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, இரத்தினாவதிக்குச் சிவனே அவள் தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். அதனால் அவர் தாயுமானவர். தாயானவர் இல்லை, தாய்-உம்-ஆனவர். அந்த ‘உம்’ எச்சவும்மை: தகப்பனாக ஏற்கெனவே இருக்கிறார், இப்போது தாயும் ஆகிவிட்டார். இரண்டெழுத்தைப் பிடுங்கிவிட்டால் பாதிப் புராணம் காணாமல் போய்விடும்.

மகளுக்குச் சிலிர்த்துவிட்டது. திருப்புதல் தேர்வில் ‘இடைச்சொல்லை எடுத்துக்காட்டுடன் விளக்குக’ என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வந்தது. உச்சிப்பிள்ளையார் வரை ஏறி இறங்கி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு வந்தாள். விடைத்தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மை: ‘விடைக்குறிப்பில் இல்லை.’ மதிப்பெண் அரை.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஒன்றரை மதிப்பெண்ணை எப்படியாவது போட்டுக்கொடுங்கள். வீட்டில் இன்னும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.