பாயைச் சுருட்டுடா பேராண்டி

வாடா, உக்காரு. பனிச்சறுக்குல ஒலிம்பிக் போவணுமாம், திருவண்ணாமலையில பொறந்து தொலைச்சிட்டேன்னு அழுவுறியாமே? நியாயம்தான். நம்ம சாமியே அக்கினி. சித்திரை வெயில்ல கிரிவலப் பாதையில வெறுங்காலை வச்சா பாதம் பொரிஞ்சுடும். பனி வேணும்னா பெட்டிக்கடை ஐஸ் பெட்டியிலதான் தலையை விடணும்.

ஆனா ஒண்ணு கேளு. 1924-ல பிரான்சுல ஷாமோனின்னு ஒரு மலையூரு. 16 நாட்டுக்காரங்க கூடுனாங்க. அன்னைக்கு அதுக்கு ஒலிம்பிக்னு பேரில்ல, ‘குளிர்கால விளையாட்டு வாரம்’தான். வாரம்னு சொல்லிட்டு ஜனவரி 25-ல ஆரம்பிச்சு பிப்ரவரி 5 வரைக்கும் ஆடுனாங்க; கணக்குல உன் ஜாதகம். ஒலிம்பிக் பட்டம் பின்னாடிதான் கட்டுனாங்க.

ஏன்னா, ஐரோப்பாவோட வடக்கத்திக்காரங்க 1901-லேர்ந்தே ஸ்டாக்ஹோம்ல ‘நார்டிக் விளையாட்டு’ன்னு தனியா நடத்திக்கினு இருந்தாங்க. இன்னொண்ணு எதுக்குன்னு முறுக்குனாங்க. அப்பறம் பாத்தா, நார்வே 17 பதக்கத்தை அள்ளிக்கினு போச்சு. கல்யாணத்துக்கே வரமாட்டேன்னவன் முதல் பந்தியில உக்காந்த கதை!

சறுக்கித் தாண்டுற போட்டியில மார்க்கைக் கூட்டுனவரு தப்பாக் கூட்டிட்டாரு. அமெரிக்கா ஆண்டர்ஸ் ஹாகனுக்கு வரவேண்டிய வெண்கலம் 1974-லதான் கைக்கு வந்துச்சு. அதுக்குள்ள மனுசன் எண்பதைத் தாண்டிட்டாரு. சோன்யா ஹெனின்னு 11 வயசுப் பொண்ணு அங்க ஃபிகர் ஸ்கேட்டிங்குல கடைசியா வந்துச்சு. 1928, 1932, 1936 மூணுலயும் தங்கம். நீ ஒரு பரீட்சையில கோட்டை விட்டதுக்கே மூணு நாளு சோறு தின்னல.

நம்ம தேசத்துக் கதைக்கு வா. மணாலிப் பையன் சிவ கேசவன்; அப்பன் கேரளம், ஆத்தா இத்தாலி. ‘லூஜ்’னு சறுக்குவண்டி ஆட்டம். வண்டிக்கடியில சக்கரத்தை மாட்டி, மலைரோட்டுல லாரிக்கும் ஆட்டுமந்தைக்கும் நடுவுல பழகுனான். 1998-ல நாகானோவுல எறங்குறப்ப வயசு 16. 2018 வரைக்கும் ஆறு ஒலிம்பிக்.

அந்த ஆட்டமே மல்லாக்கப் படுத்துக்கினு ஆடுறதுதான்டா. பாதி வித்தை உனக்குப் பொறப்புலயே வந்துடுச்சு! அவன் படுத்துக்கினே மலை எறங்குனான், நீ படுத்துக்கினே செல்போனைத் தேய்க்குற. அதுக்காகப் பௌர்ணமிக் கூட்டத்துல சக்கரத்தைக் கட்டிக்கினு எறங்கிடாத. போலீஸ்தான் பதக்கம் குடுக்கும். விடிகாலையில எழுந்து கிரிவலம் 14 கிலோமீட்டரு ஓடு. காலு தேறட்டும், பனியை அப்பறம் தேடலாம்.

புத்தி சொன்னதுக்கு டீக்காசை இப்பவே வச்சுடு. ஜெயிச்சுட்டுத் தரேன்னா, ஹாகனை மாதிரி காத்திருக்க எனக்கு வயசு மீதியில்ல.