ஒன்றேகால் டன் நாற்காலி

தேனியில் விமானத்தைப் பற்றி யாரிடமாவது கேட்டால் பணிவாக ஒதுங்கிக்கொள்வார்கள். மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. பறக்க வேண்டுமென்றால் முதலில் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். ஆனால் நாற்காலி என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். உட்காரத் தெரியாதவர் யார்? பூராப் பேரும் நிபுணர்கள்.

என் மாடி அறையில் இருப்பது கம்ப்யூட்டரில் ஓடும் விமானம். மூன்று திரை, கைக்கு யோக், காலுக்கு ரடர் பெடல். ஓட்டுவது போயிங் 737; உட்காருவது சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. மதுரை ஓடுபாதையில் இறங்கி பிரேக்கை மிதித்தால் விமானம் நிற்கும், நான் நிற்க மாட்டேன். மிதித்த வேகத்தில் பின்னால் உருண்டு பீரோவில் போய் முட்டுவேன். பயணிகள் இறங்குவதற்கு முன்பே விமானத்தை விட்டு வெளியேறிய ஒரே கேப்டன் நானாகத்தான் இருப்பேன். அதனால்தான் அசல் விமானி இருக்கை மாதிரியே ஒன்று செய்துவிடுவது என்று முடிவானது.

அசல் இருக்கையை இங்கிலாந்தில் ஐபெகோ என்ற கம்பெனி செய்கிறது. பழைய விமானத்திலிருந்து கழற்றியதற்கே லட்சக்கணக்கில் விலை. அதன் விசேஷமே தண்டவாளம்தான். இரண்டு விமானிகளுக்கும் நடுவில் விசைகள் நிறைந்த மேடை இருப்பதால் நேராக நுழைந்து உட்கார இடமிருக்காது. எனவே இருக்கை பின்னால் போய், கடைசியில் ஜே எழுத்தாக வளைந்து, சன்னல் பக்கம் ஒதுங்கி வழிவிடும். உட்கார்ந்த பிறகு முன்னால் நகர்த்திக்கொள்ள வேண்டியதுதான்.

இதைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு கம்பம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

“எம்புட்டு வெயிட்டு தாங்கணும்ணே?”

“16 ஜி.”

“செல்லுலயே இப்பத்தேன் 5ஜி வந்திருக்கு.”

விளக்கினேன். பெரிய விமானத்தின் இருக்கை திடீரென்று மோதி நிற்கும்போது, உட்கார்ந்திருப்பவரின் எடையைப்போல 16 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. பொம்மையை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, மோதவிட்டுத்தான் சான்றிதழே கொடுப்பார்கள். என் எடை 78 கிலோ. பட்டறைக்காரர் சாக்பீஸால் தரையிலேயே பெருக்கினார். 1,248.

“ஒன்னேகால் டன்னு. ஏலக்கா மூட்டைன்னா இருவத்தஞ்சு. அப்பக் கனத்த ஆங்கிள்தேன் போடணும்.”

அசல் இருக்கையில் ஒவ்வொரு கிலோவையும் குறைக்கப் படாதபாடு படுவார்கள் என்றேன். “பறக்காத விமானத்துக்கு வெயிட்டு கூடுனா என்னாண்ணே?” என்றார். அந்தக் கேள்விக்கு ஐபெகோவிடமும் பதில் இருக்காது. ஜே தண்டவாளத்துக்கு இரும்புப் பட்டையை வளைத்து, இழுவைக் கேட்டுக்குப் போடும் சக்கரங்களை மாட்டிவிட்டார். இப்போது கேப்டன் இருக்கையில் அமர்ந்து முன்னே நகர்ந்தால், விடியற்காலையில் ஷட்டர் தூக்கும் மளிகைக்கடைச் சத்தம் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருநாள் பால் பாக்கெட் கேட்டுக் குரல் கொடுத்தார்.

வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். 1929-இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் உலகின் பேர்பெற்ற முதல் பயிற்சி விமானப் பெட்டியைச் செய்தது எங்கே? அவருடைய அப்பாவின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில். ஆர்கனுக்குப் போடும் துருத்திகளை அடியில் வைத்து, காற்றை ஏற்றி இறக்கிப் பெட்டியை ஆட்டினார். முதலில் அதை வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்கள்தான். 1934-இல் தபால் மூட்டை சுமக்கப் போன ராணுவ விமானிகள் கெட்ட வானிலையில் அடுத்தடுத்து விழுந்து இறந்த பிறகே ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. அப்புறம் இரண்டாம் உலகப்போரில் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் தேறினார்கள். துருத்தியிலிருந்து விமானம் கிளம்பும் என்றால், அது முதலில் எங்கள் மாவட்டத்தில் அல்லவா கிளம்பியிருக்க வேண்டும்? ஆர்மோனியமும் இசைக்குப் பேர்போன பண்ணைப்புரமும் இங்கேதானே இருக்கின்றன!

இதையெல்லாம் விட மலைக்கு அந்தப் பக்கம்தான் எனக்கு உறுத்தல். இடுக்கி மாவட்டத்தில் காது கேளாத, வாய் பேசாத சஜி தாமஸ் தாமாகவே ஒரு சிறு விமானத்தைக் கட்டிப் பறக்கவே விட்டார். அவர் கதையை வைத்து 2017-இல் மலையாளத்தில் ‘விமானம்’ என்று படமும் வந்துவிட்டது. மலைக்கு இந்தப் பக்கம் நான் ஒரு நாற்காலியோடு நிற்கிறேன்.

அடுத்தது மெத்தை. விமானி இருக்கைக்குச் செம்மறித் தோலைக் கம்பளியோடு போர்த்துவது வழக்கம். மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் முதுகு வேர்க்காது. நம் பக்கத்துச் செம்மறிகளுக்கு, கீழக்கரிசல் ஆகட்டும் வேம்பூர் ஆகட்டும், கம்பளியே கிடையாது. இருப்பது வெறும் முடி. இந்த வெயிலில் கம்பளி போர்த்திக்கொள்ள ஆட்டுக்கென்ன கிறுக்கா? ஆகவே போடி இலவம்பஞ்சு. சீக்கிரம் தீப்பிடிக்குமே என்று மகன் பயமுறுத்தினான். விமான மெத்தைகள் மேல் தீயைப் பீய்ச்சிப் பார்க்கும் சோதனையை அமெரிக்கா 1984-இல் கட்டாயமாக்கியது உண்மைதான். ஆனால் விமானி இருக்கைக்கு அதிலிருந்து விலக்கு. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குச் சாதகமான சட்டத்தை நான் துருவுவதில்லை.

மெத்தை தைத்தவர் எஸ்டேட் ஜீப்புகளுக்கு சீட் போட்டே பழகிய கை. விடிகாலையில் கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையின் அருமை தெரியும்.

“எத்தன பேரு ஒக்காருவாக?”

“ஒருத்தர்.”

“இம்புட்டு அகலத்துல ஒருத்தரா? ரெண்டு பேரத் தாராளமா வைக்கலாமே சார். கொஞ்சம் ஒதுங்குனா மூணு.”

ஐந்து முனை பெல்ட்டைக் காட்டினேன். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவில் ஒன்று. அந்த ஐந்தாவது எதற்கு என்றார். மோதும்போது உடம்பு இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகாமல் பிடிக்க என்றேன். யோசித்தார்.

“எங்க ஜீப்புல பதினஞ்சு பேரு. நெருக்கி ஒக்காந்தா அதுதேன் பெல்ட்டு. ஒருத்தன் வழுக்க முடியாது.”

உயரம் வைப்பதில்தான் எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. விமானியின் கண் குறிப்பிட்ட மட்டத்தில் இருந்தாக வேண்டும். ஏர்பஸ்ஸில் முன்கண்ணாடிகளுக்கு நடுவில் சின்ன உருண்டைகள் வைத்திருப்பார்கள். வெள்ளை உருண்டை சிவப்பை மறைக்கும்வரை இருக்கையை ஏற்றி இறக்க வேண்டும். அடிக் கணக்கு என்றதும் எல்லோரும் கூடிவிட்டார்கள். உயரத்தை அடியில் மட்டுமே பேசுகிற கூட்டம் உலகத்தில் இரண்டுதான்: விமானிகள், தேனி மாவட்டத்து விவசாயிகள். முல்லைப் பெரியாறு அணை 142 அடி, வைகை அணை 71. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேலை முடிந்ததும் மெத்தைக்காரரையே முதலில் உட்கார வைத்தேன். ஐந்து பெல்ட்டும் மாட்டி, ஷட்டர் சத்தத்தோடு முன்னால் தள்ளி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான் ஓட்டினேன். மதுரையில் கிளம்பி மேற்கே திரும்பி, ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் வலதுபுறம் நீர்ப்பரப்பு பளபளத்தது. அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“வைகை டேமு! எத்தன அடி சார் நிக்கிது?”

நான் கவனமில்லாமல் உயரமானியைப் பார்த்துச் சொன்னேன்: “நாலாயிரத்து ஐந்நூறு.”

எழுந்து ஓடத்தான் பார்த்தார். ஐந்தாவது பெல்ட் விடவில்லை.

“அறுவத்தொம்பதுலயே மூணாவது எச்சரிக்கை விட்ருவாகளே! மதுரக்காரனுகளுக்குச் சொல்லியாச்சா?”