பட்டாசு இல்லாமல் பட்டாசு வியாபாரம்: டொமைன் விற்க ஓர் உள்ளூர்க் கையேடு

விருதுநகர் டவுனுக்குள் ஒரு மிளகாய்ச் செடியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஏலக்காய்க்கு வேண்டிய மலை இல்லை, காப்பிக்கு வேண்டிய குளிரும் இல்லை. ஆனாலும் வத்தல், மல்லி, உளுந்து, துவரை, நல்லெண்ணெய், ஏலக்காய், காப்பிக்கொட்டை என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு விலை உண்டு. பத்திரிகையில் வரும் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ பார்த்துத்தான் எத்தனையோ ஊர்க் கடைக்காரர்கள் சரக்குப் பிடித்தார்கள். விளைச்சல் எங்கோ, விலை இங்கே. இப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு டொமைன் வியாபாரத்தை விளக்க அதிக நேரம் ஆகாது. இதில் குடோன் வேண்டாம், சாக்கு வேண்டாம், தராசும் வேண்டாம். யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் ஓர் இணையப் பெயரை உங்கள் பெயரில் பதிந்துகொள்ள வேண்டும். தேவைப்படுகிறவர் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வந்ததும் விலை சொல்ல வேண்டும்.

மூலதனத்துக்கு முன்னால் நம்பிக்கை வேண்டும். அதற்கு இரண்டு கதைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘பிசினஸ் டாட் காம்’ என்ற பெயரை 1997இல் ஒருவர் ஒன்றரை லட்சம் டாலருக்கு வாங்கி, 1999இல் 75 லட்சம் டாலருக்கு விற்றார். ‘வாய்ஸ் டாட் காம்’ 2019இல் 3 கோடி டாலருக்குப் போனது. வீட்டில் யாராவது கேள்வி கேட்டால் இந்த இரண்டையும் சொல்லுங்கள். உலகத்தில் டாட் காம் பெயர்கள் மட்டுமே 15 கோடிக்கு மேல் பதிவாகியிருக்கின்றன என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். மிச்சப் பெயரெல்லாம் என்ன விலைக்குப் போயிற்று என்ற அடுத்த கேள்வி வரும்.

தொழில் தொடங்க நல்ல நாள் ஆடி 18. பக்கத்துச் சிவகாசியில் பட்டாசுக் கடைகள் பூஜை போட்டுப் புது சீசனைத் தொடங்குவதும் அன்றைக்குத்தான். 1920களின் தொடக்கத்தில் அந்த ஊரின் ஐய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்வதற்காகக் கல்கத்தாவரை ரயில் ஏறிப் போனார்கள். நீங்கள் அப்படியெல்லாம் அலைய வேண்டியதில்லை. கட்டிலில் சாய்ந்தபடியே பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

என்ன பெயர் வாங்குவது? இங்கேதான் நம் மண்ணின் வளம் தெரியும். சிவகாசியை ஆங்கிலத்தில் எஸ் போட்டு எழுதுவாரும் உண்டு, எஸ்ஹெச் போட்டு எழுதுவாரும் உண்டு. பட்டாசுக்கு ஒரு டி போதும் என்பது ஒரு கட்சி, இரண்டு வேண்டும் என்பது இன்னொரு கட்சி. நடுவில் வரும் நெடிலுக்கு ஏ ஒன்றா இரண்டா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபாடு. ஊருக்கு இரண்டு, பட்டாசுக்கு நான்கு என்று வைத்துக்கொண்டால் எட்டுப் பெயர். டாட் காம், டாட் இன், டாட் ஸ்டோர் என்று மூன்றால் பெருக்கினால் இருபத்து நான்கு. பின்னால் க்ராக்கர்ஸ், டிரேடர்ஸ், ஃபயர்வொர்க்ஸ், பைரோபார்க் என்று ஒட்டவும், முன்னால் ஒரு ‘ஸ்ரீ’ சேர்க்கவும் ஆரம்பித்தால் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிடும். இதில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. இத்தனை விதமாக எழுத முடிகிற ஊரில், உங்களிடம் பெயர் வாங்க வருகிறவரும் ஒரு ஏ கூட்டிப் போட்டு, புதிதாக ஒரு பெயரைச் சில நூறு ரூபாயில் பதிந்துகொள்ளலாம். அவருக்கு அந்த யோசனை வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

தமிழிலேயே பெயர் வாங்கும் வசதியும் இருக்கிறது. ‘டாட் இந்தியா’ என்று முழுக்கத் தமிழ் எழுத்தில் முடியும் முகவரி நமக்கு உண்டு. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூட உண்டு. ‘பட்டாசு டாட் இந்தியா’ என்று சொல்லிப் பாருங்கள், வாய் மணக்கும். ஆனால் உள்ளுக்குள் கணினி அதை எக்ஸ்என் என்று தொடங்கும் நீண்ட ஆங்கிலக் கோவையாக மாற்றித்தான் புரிந்துகொள்கிறது. அந்தக் கோவை மின்னஞ்சலிலோ விசிட்டிங் கார்டிலோ தலைகாட்டினால், பார்க்கிறவர் வைரஸ் வந்துவிட்டது என்றுதான் நினைப்பார். தமிழ்ப்பற்று உள்ள வாடிக்கையாளர் கிடைக்கும்வரை கையிலேயே வைத்திருங்கள்.

ஊர்ப் பெயர்களில் பணம் போடுமுன் அரசிதழையும் ஒரு பார்வை பாருங்கள். விருதுபட்டி 1923இல் விருதுநகர் ஆயிற்று. மாவட்டம் 1985இல் பிறந்தபோது அதற்குக் காமராஜர் பெயர். 1997இல் தலைவர்கள் பெயரை மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. அப்போதே டொமைன் சேர்த்து வைத்திருந்தவர் யாராவது இருந்தால் அவர் பாடு என்ன? பால்கோவாவிலும் அவசரம் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயரின் மேல் சட்டப்படி உரிமை கொண்டாட ஆள் இருக்கிறது.

துணிச்சல்காரர்கள் பொதுப்பெயரில் நிற்க மாட்டார்கள். நேராகப் பெரிய கம்பெனிகளின் பெயருக்கே போவார்கள், ஓர் எழுத்தை மட்டும் மாற்றி. இந்தக் கலையை சிவகாசிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நன்றாக விற்கிற தீப்பெட்டியைப் போலவே நிறம், கட்டம், எழுத்து வைத்து இன்னொரு தீப்பெட்டி வருவது பழைய கதை. லேபிளை அச்சடிக்கும் பிரஸ்ஸும் பக்கத்துத் தெருவில்தானே இருந்தது! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டாசுக் கம்பெனிகளில் காளீஸ்வரிக்குச் சேவல், ஸ்டாண்டர்டுக்கு அணில். பீகாரிலோ ஒடிசாவிலோ பட்டாசு வாங்கியவர் கம்பெனியின் பெயரை வாசித்தா வாங்கினார்? படத்தைப் பார்த்தார், ‘சேவல் கொடு’ என்றார். பல மொழி பேசுகிற நாட்டில் எழுத்தை நம்பாமல் படத்தை நம்பி வளர்ந்த தொழில் இது. நீங்கள் விற்க வந்திருப்பதோ வெறும் எழுத்து. சேவலும் அணிலும் டொமைனுக்குள் ஏறாது.

பெயர் கையில் வந்ததும் கம்பெனி முதலாளிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். ‘உங்கள் பெயர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஐந்து லட்சம் தந்தால் ஒப்படைக்கிறேன்’ என்று மரியாதையாக எழுதுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தொலைத்தாலும் அவர் தொலைக்க மாட்டார், அவருக்கு அது பயன்படும். டாட் காம் பெயர்த் தகராறுகளுக்கு 1999 முதல் ஓர் உலகளாவிய நடைமுறை இருக்கிறது. டாட் இன் தகராறுகளுக்கு, அந்தப் பதிவேட்டை நடத்தும் நிக்சி அமைப்பின் கீழ் நடுவர் முறை இருக்கிறது. இரண்டிலும் ஒரு விதி பொதுவானது. வணிகக் குறிக்குச் சொந்தக்காரரிடமே, செலவானதைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிற நோக்கத்தில் பெயரைப் பதிந்திருந்தால் அதுவே கெட்ட எண்ணத்துக்கு ஆதாரம். அந்த நோக்கத்தைத்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். இவ்வளவு வசதியான எதிராளி எந்த வக்கீலுக்கும் எளிதில் அமைவதில்லை.

ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டால் தப்பிக்கலாமே என்று கேட்பவர்கள் சென்னைக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையின் சத்யம் இன்ஃபோவே ‘சிஃபி’ என்ற பெயரில் 1999இல் டொமைன் பதிந்திருந்தது. இன்னொரு நிறுவனம் 2001இல் ஓர் எஃப் கூடுதலாகப் போட்டு ‘சிஃபிநெட்’ என்று பதிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. டொமைன் பெயருக்கும் வணிகக் குறிக்கு உள்ளதுபோன்ற பாதுகாப்பு உண்டு என்று 2004 மே மாதம் தீர்ப்பு வந்தது. கூடுதல் எஃப் காப்பாற்றவில்லை.

ரிலையன்ஸிடமே விலை பேசிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் சேரக்கூடும் என்று 2023இலேயே ஊகித்து, இரண்டையும் ஒட்டி ஒரு டாட் காம் பதிந்து வைத்தார் டெல்லி இளைஞர். ஊகம் பலித்தது. 2024 அக்டோபரில், கேம்பிரிட்ஜில் படிக்கக் கட்டணம் தந்தால் போதும் என்று அந்தத் தளத்திலேயே திறந்த மடல் எழுதினார். ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். நிறுவனம் மறுத்தது, சட்ட நடவடிக்கை பற்றிப் பேசியது. பிறகு பெயர் துபாயில் வசிக்கும் இரண்டு சிறார்களின் கைக்குப் போனது. அவர்கள் ரிலையன்ஸுக்கு இலவசமாகவே தருகிறோம் என்றார்கள். உலகத்திலேயே இதைவிடச் சரியாக ஊகிக்க முடியாது, அப்படியும் கடைசி விலை இலவசம். நான் அந்த இளைஞர் பக்கம்தான். ஆனால் இது கையேடு என்பதால் அனுதாபத்துக்கு இடமில்லை.

உள்ளூர் முதலாளியிடம் நேரில் போய்ப் பேசுவதென்றால் வெள்ளை வேட்டி கட்டிப் போங்கள். காப்பி வரும். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“அண்ணாச்சி, உங்க கம்பெனி பேருல ஒரு வெப்சைட் அட்ரஸ் எங்கிட்ட இருக்கு.”

“இருக்கட்டும் தம்பி. அதை வச்சு என்ன செய்யப் போறீங்க?”

“உங்களுக்குக் குடுக்கலாம்னுதான்.”

“நமக்கு வடக்க ஏஜென்ட் இருக்காங்க. மார்ச்சுலயே அட்வான்ஸ் போட்டுருவாங்க. வெப்சைட்டப் பாத்து எவன் லோடு ஏத்துறான்? காப்பியக் குடிங்க, ஆறுது.”

காப்பியைக் குடித்துவிட்டுச் சின்ன வியாபாரிகள் பக்கம் வாருங்கள். வெம்பக்கோட்டை சாலையிலும் சாத்தூர் சாலையிலும் கடைக்குக் கடை ஒரு வெப்சைட் போர்டு இருக்கிறது. இவர்கள்தான் உங்கள் சந்தை. இவர்களிடம் விலை சொல்ல உள்ளூர் முறையையே கையாளுங்கள். லிஸ்ட்டில் ஒரு விலை, அதில் 80 சதவீதம் தள்ளுபடி. பட்டாசு பிரைஸ் லிஸ்ட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 80 சதவீதம் என்றால்தான் அது நியாயமான விலை. 20 சதவீதம் என்றால் ஏமாற்றுகிறான் என்று நினைப்பார்கள்.

இவர்களுக்கும் ஒரு தலைவலி இருக்கிறது. 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசு பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. பசுமைப் பட்டாசும் சரவெடித் தடையும்தான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதே தீர்ப்பில் இன்னொரு வரி உண்டு: இணைய விற்பனைத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக் கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. ஆகவே சிவகாசி வெப்சைட்டுகள் ஒரு தனி நடிப்பில் தேர்ந்திருக்கின்றன. பூச்சட்டி, சங்குசக்கரம், கிஃப்ட் பாக்ஸ் எல்லாவற்றையும் கூடையில் போடலாம். கூட்டுத்தொகையும் வரும். ஆனால் கடைசியில் பணம் கட்டும் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ‘விசாரணை அனுப்பு’ என்று இருக்கும். மேலே, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி நாங்கள் ஆன்லைனில் விற்பதில்லை, உங்கள் எண்ணுக்கு நாங்களே கூப்பிட்டு உறுதிசெய்வோம் என்று அறிவிப்பு. பிறகு வாட்ஸாப்பில் எஸ்டிமேட், அப்புறம் லாரி செட். சட்டப்படி இணையத்தில் விற்கக் கூடாத கடைக்குத்தான் நீங்கள் பெயர்ப்பலகை விற்கிறீர்கள் என்பதை விளம்பரத்தில் எழுத வேண்டாம்.

புரட்டாசி பிறந்ததும் வேறொரு வகை வாடிக்கையாளர் வருவார். இவர் பேரம் பேச மாட்டார். தள்ளுபடி கேட்க மாட்டார். பழைய கம்பெனிபோலத் தொனிக்கிற பெயர் எது, இன்றைக்கே கிடைக்குமா என்று மட்டும் கேட்பார். ரசீது வேண்டாம் என்பார். இத்தனை நாள் காத்திருந்ததற்குப் பலன் வந்தது என்று கண் கலங்காதீர்கள். பாதி விலைக்குப் பட்டாசு என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம் காணாமல் போகும் தளங்களைப் பற்றி 2024இல் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு எச்சரிக்கை வெளியிட்டது. ஏமாந்தவர்கள் 1930க்குப் போன் செய்யலாம் என்றது. அப்படிப்பட்ட தளத்துக்கு உண்மையில் தேவைப்படுவது ஒன்றே ஒன்று: நல்ல பெயர். சரக்கு தேவையில்லை, லைசென்ஸ் தேவையில்லை, ஆலை தேவையில்லை. டொமைன் வியாபாரி கனவு காண்கிற அதே வியாபாரிதான் இவர். சொன்ன விலையைச் சொன்ன நேரத்தில் தருகிற ஒரே ஆளும் இவர்தான். பதிவேட்டில் இவருக்கு முன்னால் அந்தப் பெயரை வைத்திருந்தவர் யார் என்று பார்த்தால் உங்கள் பெயரும் ஆதார் கொடுத்து வாங்கிய போன் நம்பரும் இருக்கும் என்பது சின்ன விவரம்.

கடைசியாக ரினியூவல். டொமைனை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை, ஆண்டு வாடகைக்குத்தான் எடுக்கிறோம். முதல் வருஷம் சலுகையில் சில நூறு ரூபாய், அடுத்த வருஷம் டாட் காம் ஆயிரத்தைத் தாண்டும். கையில் நூறு பெயர் இருந்தால் வருஷத்துக்கு ஒரு லட்சம். விற்றாலும் விற்காவிட்டாலும் ரிஜிஸ்ட்ரார் கம்பெனிக்குக் கல்லா நிறையும். பலர் இரண்டாம் ஆடியில் கையை விரித்துவிடுவார்கள். உங்களிடம் வாங்கி ஒரு சீசன் ஓட்டிய சின்ன வியாபாரியும் அப்படித்தான் விட்டுவிடுவார்.

விட்ட பெயர் உடனே போய்விடாது. டாட் காம் என்றால் ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள்வரை அவகாசம். அதற்குப் பிறகு அபராதம் கட்டி மீட்க 30 நாள். பிறகு அழிப்புக்கு 5 நாள். ஆக மொத்தம் 80. ஆடி 18இல் வாங்கியது ஆகஸ்ட் முதல் வாரத்தில் காலாவதியாகிறது. எண்பது நாளைக் கூட்டிப் பாருங்கள், அக்டோபர் மூன்றாம், நான்காம் வாரம் வரும். நாட்டில் பாதிப்பேர் பட்டாசு தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பெயர் கழன்று விழும், எவரும் எடுத்துக்கொள்ளலாம். போன வருஷம் அந்தக் கடையில் ஒழுங்காகச் சரக்கு வாங்கியவர்களின் வாட்ஸாப்பில் பழைய எஸ்டிமேட் இருக்கும். அதன் அடியில் அதே முகவரி, தொட்டால் திறக்கும்.