ஓரடி மண் கேட்டேன்

சொந்தக் கார் வைத்திருப்பவனுக்கு அதில் ஓரடி இடமாவது சொந்தமாக இருக்கும் என்று நம்புகிறவர் ஒன்று பிரம்மச்சாரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கார் வாங்காதவராக இருக்க வேண்டும். தவணை மாதாமாதம் என் கணக்கிலிருந்துதான் போகிறது. ஆர்.சி.யில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் டிக்கி அரிசி மூட்டைக்கும் மாமனார் தோட்டத்துத் தேங்காய்க்கும், பின் சீட் பிள்ளைகளுக்கும், முன் சீட்டின் அடிப்பகுதி குடைக்கும் பழைய செருப்புக்கும் என்று எப்போதோ பட்டா போட்டாகிவிட்டது. மகாபலியிடம் வாமனன் மூன்றடி கேட்டான். நான் கேட்டது ஓரடி நீளம், முக்காலடி அகலம். ஓர் ஆம்ப்ளிஃபயர் வைக்க.

"எதுக்குங்க அது?"

"பாட்டு இன்னும் தெளிவாக் கேட்கும்."

"பாட்டெல்லாம் இப்பவே தெளிவாத்தான் கேட்குது. நான் சொல்றதுதான் உங்களுக்குக் கேட்கிறதில்ல. அதுக்கு ஏதாவது மிஷின் இருக்கான்னு விசாரிங்க."

அனுமதி மறுக்கப்படவில்லை என்று இதற்குப் பொருள் எடுத்துக்கொண்டு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். காருக்கு மாட்ட முடிந்த எதுவும், மாட்டக் கூடாத பலவும் கிடைக்கிற தெரு அது. வாங்கிய பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 1000 வாட்ஸ் என்று போட்டிருந்தது. மாட்டித் தருகிற தம்பி அந்த எழுத்தைப் பார்க்கவே இல்லை. ஆம்ப்பின் பக்கவாட்டில் செருகியிருந்த இரண்டு ஃபியூஸ்களைப் பார்த்தார். "15, 15. மொத்தம் 30 ஆம்பியர். வண்டி ஓடும்போது 14 வோல்ட்டுன்னு வெச்சுக்குங்க. உள்ளே போறதே 420 வாட்ஸ்தான் சார். இது ஏபி கிளாஸ். அதுல பாதிக்குக் கிட்ட சூடாவே போயிடும்."

"அப்போ மிச்ச வாட்ஸ்?"

"அது அட்டைப்பெட்டியில இருக்கு சார்."

எனக்கு அதிர்ச்சி இல்லை. என் சம்பளச் சீட்டிலும் மேலே ஒரு தொகை, கீழே ஒரு தொகை என்றுதான் இருக்கும். ஆனால் இசையாக மாறாத அந்தப் பாதி சூடாகத்தான் வெளியேறியாக வேண்டும் என்பதால், ஆம்ப்பை எங்கே வைப்பது என்பது ஒரு பெரிய கேள்வியாகிவிட்டது.

ஊஃபர் பெட்டியின் முதுகிலேயே மாட்டிவிடலாமே, ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே மாட்டியிருக்கிறார்கள் என்றேன். "அந்தப் பாதிப் பேரும் அடுத்த வருஷம் நம்மகிட்ட வருவாங்க" என்றார் தம்பி. பெட்டி அதிர அதிர, உள்ளே சால்டர் விடும், ஸ்க்ரூ தளரும். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டின் அடிப்பக்கம் தலைகீழாகத் தொங்கவிடலாமா என்று கேட்டேன். சூடு மேலே ஏறி சர்க்யூட்டுக்குள்ளேயே திரும்பிப் போகுமாம். சரி, டிக்கியில் சும்மா படுக்க வைத்துவிடலாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன் மேலாவது மோதினால் வண்டிதான் நிற்குமாம். கட்டி வைக்காத மூன்று கிலோ இரும்பும் அலுமினியமும் 60-லேயே முன்னால் வருமாம். சொல்லிவிட்டு டிக்கியைத் திறந்தவர், "இந்தத் தேங்காயும்தான் சார்" என்றார்.

இதை நான் வீட்டில் ஒரு விஞ்ஞான உண்மையாக மட்டுமே சொன்னேன். "எங்கப்பா கொடுத்த தேங்கா உங்க பின்மண்டையில வந்து அடிக்குமா?" என்று அது வேறு வடிவத்தில் மாமனாருக்குப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளைக்கு இனி உரித்தே அனுப்புகிறேன் என்று பதில் வந்தது.

மிஞ்சியது தரை. தீபாவளித் தள்ளுபடியில் வாங்கி, இதுவரை ஒரே ஒரு காலண்டரை மட்டும் சுவரில் ஏற்றியிருந்த ட்ரில் மெஷினை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். பின் சீட்டைக் காட்டி "இங்கே போட்டுவிடட்டுமா?" என்றேன். தம்பி மெஷினை என் கையிலிருந்து மரியாதையாக வாங்கித் தன் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு டார்ச்சோடு காருக்கு அடியில் நுழைந்து என்னையும் குனியச் சொன்னார். பின் சீட்டுக்கு நேர் கீழே கறுப்பாகத் தெரிந்தது பெட்ரோல் டேங்க். அதை ஒட்டி முன்னும் பின்னுமாக ஓடியவை பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும். மேலே இருந்து பார்த்தால் வெறும் கார்ப்பெட்தான். "ஓட்டை போடுறதுக்கு முன்னாடி கீழே பார்க்கணும் சார். போட்ட பிறகு பார்த்தா கண்ணாலயா பார்ப்பீங்க, மூக்காலதான் பார்ப்பீங்க."

கடைசியில் கிடைத்த இடம் முன் சீட்டுக்கு அடியில். அதிலும் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் கூடாதாம், எதுவும் உருண்டு வந்து பெடலுக்குள் மாட்டக் கூடாதென்று. ஆகவே மனைவியின் சீட். பேச்சுவார்த்தை நடந்தது. குடை இடம்பெயர சம்மதித்தது. பதிலுக்கு, பேஸைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஓட்டுபவர் கைக்கு எட்டும்படிதான் வைப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "ஓட்டுறவர் ரோட்டைப் பார்க்கட்டும்" என்றாள். தம்பி குமிழை அவள் பக்கமே மாட்டினார். பணம் கொடுப்பவர் யார் என்பதை விட முடிவெடுப்பவர் யார் என்பதைத்தான் அந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வார்கள் போலிருக்கிறது.

வேலை நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றி வைத்தார். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டரோடு ஒரு வயர் போனது. அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கை வைக்கவே கூடாது என்று அதைத் தாண்டிக்கொண்டார். கார்ப்பெட்டின் மேல் நேராக ட்ரில் வைத்தால் நூல் பிரிந்து பிட்டில் சுற்றிக்கொண்டு நீளமாக உருவிவிடுமாம். பிளேடால் சின்னதாக ஒரு சதுரம் கீறி, தகட்டைத் தொட்ட பிறகுதான் ஓட்டை போட்டார். ப்ளைவுட் பலகை, அதை நட்டு, போல்ட்டு, வாஷர் போட்டு முடுக்கி, கீழ்ப்பக்கம் துருப்பிடிக்காமல் பூச்சு. பலகை இருப்பதால், மழையில் நனைந்த செருப்போடு ஏறினாலும் ஆம்ப்புக்குத் தண்ணீர் படாது. கடைசியாக சீட்டை முன்னும் பின்னும் முழுக்க நகர்த்தி எதுவும் உரசவில்லை என்று பார்த்தார்.

"12 வோல்ட்தானே தம்பி, இதுக்குப் போய் இவ்வளவு பயமா?" என்று என் ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத்தை அவிழ்த்தேன். தொட்டால் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் வீட்டில் ஏசிக்குப் போடும் பெரிய பிளக்கே 16 ஆம்பியர். கார் பேட்டரியின் ப்ளஸ் வயர் தோல் உரிந்து பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாயும். அதனால்தான் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 40 ஆம்பியரில் தனி ஃபியூஸ், எஞ்சின் பக்கத்துத் தகட்டைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் ரப்பர் புஷ். அந்த ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற அல்ல, வயர் தீப்பிடிக்காமல் இருக்க. கரன்ட் வயர் ஒரு பக்கமாகவும் பாட்டு வயர் எதிர்ப் பக்கமாகவும் போயின. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டோடு 'ஙொய்' என்று ஒரு சத்தம் கூடவே ஏறுமாம்.

எர்த் அடிக்க, என் புதுக் காரின் பெயின்ட்டைத் தகடு பளபளக்கும் வரை சுரண்ட ஆரம்பித்தார். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

கிளம்பும்போது, வயர் முடுக்கிய இடத்தின் மேல் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிட்டு, "கொஞ்ச நாள் கழிச்சு எர்த் போல்ட்டை ஒருதடவை முடுக்கிப் பாருங்க. இந்த மூடியை மட்டும் எப்பவும் கழட்டிப் போட்டுடாதீங்க, சில்லறை விழுந்தாலும் ஷார்ட்டாகும்" என்றார். மூடி எதற்கு, சீட்டுக்கு அடியில் சில்லறை எங்கிருந்து வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் சில்லறை இருந்த காலமெல்லாம் போயாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரோடு குனிந்து சீட்டைப் பின்னால் தள்ளினேன். மூடியின் மேல், ப்ளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் சரியாகக் குறுக்கே, இரண்டு கொண்டை ஊசி, ஓர் ஊக்கு. அருகில் ஒரு பிள்ளையார் டாலர். ஒரு மேஜை போட்டு வைத்தது போல எல்லாம் அந்தப் பிளாஸ்டிக்கின் மேலேயே படுத்திருந்தன. நடுங்கும் கையால் ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் நீட்டி, மின்சாரம், குறுக்குப் பாதை, ஃபியூஸ் என்று விளக்க வாயெடுத்தேன்.

"அட, இங்கதான் கிடந்துதா!" என்று வாங்கிக்கொண்டாள். "இன்னும் ரெண்டு ஊசி இருக்கணுங்க. கையை நல்லா உள்ள விட்டுப் பாருங்க."